சூசைக்குப் பக்கத்தில் போட்ட கேள்விக்குறி

போன மாதம் நான் வேலை பார்த்த அலுவலகத்துக்குப் புதிதாக நியமனம் பெற்ற நீங்கள் ஏழு பேரும் என்னைப் பார்க்க இணுவிலுக்கு வந்திருந்தீர்கள். வாய்க்குள் பயற்றம்பணியாரத்தை வைத்துக்கொண்டு உங்களுக்குப் புத்திமதி சொன்னேன். போகிற நேரத்தில் வாசல் படலையடியில் நின்று ஒரு தங்கச்சி கேட்டாள்: "மிஸ், ஆராவது வந்து தன்ரை சுயவிபரக் கோவையைப் பாக்கவேணும் எண்டு கேட்டா என்ன செய்யிறது?"

"படிவத்தைக் குடு. சட்டம் இருக்குத்தானே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

நீங்கள் போன பிறகு என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. முப்பத்தைந்து வருடம் கோவைகளோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிற பதிலா அது? சட்டத்தை நீங்களே வாசிப்பீர்கள். நான் சொல்லவேண்டியிருந்தது வேறு. அதைச் சொன்னால் என் மானம் போகும் என்பதால்தான் பணியாரத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டேன். இப்போது எழுதுகிறேன். வாசித்துவிட்டுச் சிரித்தாலும் பரவாயில்லை.

சுயவிபரக் கோவை என்றால் உங்களுக்கு ஒரு மட்டை, ஒரு பச்சை நூல், உள்ளே கொஞ்சக் கடதாசி. நியமனக் கடிதம், பிறப்புச் சான்றிதழ், லீவு, எச்சரிக்கை, பாராட்டு, ஒருவன் மேல் புகார் சொல்லி வந்த பெட்டிசம் எல்லாம் அதற்குள் கிடக்கும். பெயரிலேயே 'சுய' என்று இருக்கிறது. ஆனால் அந்தச் சுயத்துக்குச் சொந்தக்காரன் மட்டும் அதைத் தொடக்கூடாது என்பதுதான் எங்கள் காலத்து வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருந்த பிரதம இலிகிதர் சொல்லித் தந்த முதல் பாடம் அதுதான். "பிள்ளை, கோவை ஆளைப் பற்றினது. ஆளுக்குரியதில்லை." நல்ல மனிதர். வேலை தெரிந்தவர். ஒவ்வொரு கடதாசிக்கும் சிவப்பு மையால் பக்க இலக்கம் போடவேண்டும், ஒன்றையும் கழற்றக்கூடாது என்று சொல்லித் தந்தவரும் அவர்தான். அந்த இரண்டாவது பாடம் சரி. முதலாவது பிழை. பிழை என்று எனக்கு விளங்க மற்ற மனிதர்கள் பதினாலு வருடத்தைக் கொடுக்கவேண்டி வந்தது.

எங்கள் அலுவலகம் அப்போது கரையோரத்தில், பழைய கட்டடத்தில் இருந்தது. தீவுகளுக்கு அலுவலர்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களிடம் ஒரு படகு இருந்தது. அதன் ஓட்டி மரியதாஸ் அண்ணை, குருநகர் ஆள். காற்று எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று மூக்கைத் தூக்கிப் பார்த்தே சொல்லிவிடுவார். "கரையிலை நிக்கேக்கைதான் மிஸ் எனக்குத் தலை சுத்துறது" என்பார். களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் சிவபாலன் அண்ணை, கொடிகாமம். இரண்டு பேரையும் பிரித்துப் பார்த்தவர் கிடையாது.

அந்தக் களஞ்சிய அறையின் மதியச் சாப்பாட்டை இப்போது நினைத்தாலும் வயிறு கேட்கிறது. கயிறும் எண்ணெய்த் தகரமும் நாறுகிற அறை. நடுவில் ஒரு ஆடுகிற மேசை. சிவபாலன் அண்ணை கொடிகாமம் சந்தையிலிருந்து முருங்கைக்காயும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் கொண்டுவருவார். மரியதாஸ் அண்ணையின் பெட்டியைத் திறந்தால் நண்டுக் குழம்பு, சுறா வறை. "கடலுக்கை கிடந்ததை எல்லாம் உவன் பெட்டிக்கை அடைச்சுக்கொண்டு வாறான்" என்று சிவபாலன் அண்ணை பகிடி பண்ணுவார். பண்ணிக்கொண்டே முதல் கை அவருடையதுதான் போகும். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அந்தப் பெட்டிக்குள் மரக்கறி இருக்கும். மரியதாஸ் அண்ணையின் மனுசி றோசலின், சிவபாலன் வெள்ளிக்கிழமை மீன் மச்சம் தொடமாட்டார் என்பதற்காக, தன் புருசனுக்கும் மரக்கறியே கட்டி அனுப்புவாள். வாழைக்காய்ப் பொரியலில் எனக்கும் ஒரு பங்கு வரும். அப்படிப் பொரிக்க எனக்கு இன்றைக்கும் வராது.

அந்த நாட்களில்தான் பெட்டிசம் வந்தது. எங்கள் ஊரில் கையெழுத்தில்லாத பெட்டிசம் ஒன்றும் புதினமில்லை. வாரத்துக்கு ஒன்று வரும். பாதி பொறாமை, மீதி பொழுதுபோக்கு. ஆனால் இது வேறு மாதிரி இருந்தது. ஒற்றைக்கோட்டுக் கொப்பியில் கிழித்த தாளில் குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருந்தது:

'ஐயா, உங்கள் படகோட்டி சூசை மரியதாசுக்கு இடது கண் தெரியாது. பொழுதுபட்டால் ஒரு லாம்பை இரண்டு லாம்பு என்கிறார். அவரை இனிக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். அவருடைய குழந்தைகளுக்காகக் கேட்கிறேன். இப்படிக்கு, உண்மை விரும்பி.'

எங்கள் பதிவில் அவர் பெயர் ஜே. மரியதாஸ். தகப்பன் பெயர் ஜோசப் என்று பிறப்புச் சான்றிதழிலேயே இருந்தது. இது யார் சூசை? எழுதினவருக்கு ஆளின் பெயரே சரியாகத் தெரியவில்லை என்று எண்ணினேன். சிவப்புப் பென்சிலால் 'சூசை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டேன். எண்பத்து நாலு என்று பக்க இலக்கமும் போட்டுக் கோவையில் கட்டிவிட்டேன். என் கெட்டித்தனம் அவ்வளவுதான்.

அப்போதிருந்த மேலதிகாரி கண் பரிசோதனைக்கு அனுப்பினார். இடக் கண் உண்மையிலேயே பழுதாகிப் போயிருந்தது. மரியதாஸ் அண்ணை அதை மறைத்துக்கொண்டு படகு ஓட்டியிருக்கிறார். படகை அவரிடமிருந்து எடுத்து, அவரை அலுவலக உதவியாளராக உள்ளே விட்டார்கள். கடல்காரனைக் கொண்டுவந்து மேசை துடைக்கவும் கோவை தூக்கவும் விட்டால் எப்படி இருக்கும்? முதல் கிழமை அவர் ஒருவர் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அந்தக் கிழமையில் ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், அந்தப் பெட்டிசத்தை எனக்கு ஒருக்காக் காட்டுங்கோ. எழுத்தைக் கண்டா ஆளைப் பிடிச்சிடுவன்."

"அது அந்தரங்கம், அண்ணை. காட்ட ஏலாது."

"என்னைப் பற்றித்தானே எழுதிக் கிடக்கு?"

"உங்களைப் பற்றினது. உங்களுக்குரியதில்லை."

பாருங்கள், பிரதம இலிகிதர் என் வாய்க்குள்ளிருந்து கதைக்கிறார்! அன்றைக்குக் கணக்காய்வுக்காரர் வந்து என் தலைக்கு மேல் நின்றார்கள். மரியதாஸ் அண்ணை போகாமல் நின்றார். எரிச்சலில் ஏதோ சொல்லி அவரை அனுப்பினேன். என்ன சொன்னேன் என்று அன்று பின்னேரமே மறந்துபோனேன்.

அடுத்த நாள் தொடக்கம் களஞ்சிய அறை மேசையில் ஒரு சாப்பாட்டுப் பெட்டிதான் இருந்தது. மரியதாஸ் அண்ணை தன்னுடையதை எடுத்துக்கொண்டு வெளியே வேப்பமரத்தடிக்குப் போய்விட்டார். கண்ணில் பழுது என்று தான் நம்பிச் சொன்னது சிவபாலனுக்கு மட்டும்தானாம், ஆகவே எழுதினவன் அவன்தானாம். சிவபாலன் அண்ணை இரண்டு தரம் கதைக்கப் போனார். மூன்றாம் தரம் போகவில்லை. நானும், ஆம்பிளைகளின் கோபம்தானே, ஒரு கிழமையில் அடங்கும் என்று இருந்துவிட்டேன்.

அடங்கவில்லை. சிவபாலன் அண்ணை தன் மகளின் கலியாண அழைப்பிதழை மரியதாஸ் அண்ணைக்கென்று மேசையில் வைத்துவிட்டுப் போனார். அது மேசையிலேயே கிடந்தது. பத்து வருடம் கழித்து றோசலின் நோய்ப்பட்டு இறந்தபோது, சிவபாலன் அண்ணை கோயில் வாசலில் வெயிலுக்குள் நின்றார். சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்துவந்த மரியதாஸ் அண்ணை முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு சிவபாலன் அண்ணை ஓய்வுபெற்றுக் கொடிகாமத்தோடு இருந்துவிட்டார்.

காலம் ஓடியது. நான் நிருவாக அலுவலராகினேன். தகவல் அறியும் சட்டமும் வந்தது. மரியதாஸ் அண்ணைக்கு ஓய்வுபெற மூன்று மாதம் இருக்கும்போது ஒரு காலை படிவத்தோடு என் முன்னால் வந்து நின்றார். எத்தனையோ வருடமாக எல்லாருடைய கோவையையும் தோளில் சுமந்த மனிதர். இரும்பு அலுமாரிப் பூட்டின் திறப்பை நானே பல நாள் அவர் கையில் கொடுத்திருக்கிறேன். தன்னுடையதை ஒருநாளும் திறக்கவில்லை. படிவத்தில், கோரும் தகவல் என்ற இடத்தில் 'என்னைப் பற்றி எழுதியது' என்று மட்டும் எழுதியிருந்தார்.

இந்தத் தரம் எனக்குக் கொஞ்சம் வயது போயிருந்தது. கதிரையைக் காட்டினேன். "இருங்கோ அண்ணை. கோவையிலை என்னத்தைத் தேடுறியள்?"

"சிவபாலன் கனடாவுக்குப் போறானாம் மிஸ். மகளிட்டை. வாற கிழமை. போனா இனி வரமாட்டான். ஒருக்கா வந்திட்டுப் போ எண்டு சொல்லி அனுப்பியிருக்கிறான்." தொப்பியைக் கையில் வைத்துத் திருகினார். "அவன் எழுதேல்லையெண்டா நான் போய் அவன்ரை கையைப் பிடிக்கவேணும். எழுதினவனெண்டா அவன்ரை முகத்திலை முழிக்கமாட்டன். எனக்கு அது ஒண்டுதான் தெரியவேணும்."

நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டுக் கோவையை எடுத்தேன். எண்பத்து நாலாம் பக்கம். என் சிவப்புக் கேள்விக்குறி மங்காமல் அப்படியே இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. றோசலினின் மரண அறிவித்தலை நானே அலுவலக வாசலில் ஒட்டினவள். அதில் 'காலஞ்சென்ற சூசைப்பிள்ளையின் மருமகள்' என்று போட்டிருந்தது. குருநகர் வீடுகளில் ஜோசப்பைச் சூசை என்றுதான் கூப்பிடுவார்கள் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அறிந்தும் இந்தக் கடதாசியோடு சேர்த்து யோசிக்கவில்லை. அலுவலகத்தில் எவருக்கும் அவர் சூசை மரியதாஸ் இல்லை. சிவபாலன் அண்ணைக்கு அவர் வெறும் 'மரியான்'. சூசை என்று எழுதுகிறவர் அவருடைய வீட்டு ஆள். பொழுதுபட்ட பிறகு ஒரு லாம்பை இரண்டு என்று சொல்வதை அந்த லாம்புக்குப் பக்கத்தில் நின்றவர்தான் கேட்டிருக்க முடியும். றோசலினின் தமையன் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர் என்பதும் ஞாபகம் வந்தது.

அப்போதிருந்த பணிப்பாளர் இளம் பிள்ளை, நல்லவர். கையெழுத்துக்குக் கோவையைக் கொண்டுபோனேன்.

"பெட்டிசம் ஒண்டும் இருக்குப் போலை. அதைக் கழட்டிப்போட்டு மிச்சத்தைக் காட்டுங்கோ மிஸ். ஏன் வீண் கரைச்சல்?"

"எண்பத்து மூண்டுக்குப் பிறகு எண்பத்தஞ்சு வந்தா அவர் கேக்கமாட்டாரோ, சேர்? பதினாலு வருசமாக் கோவை தூக்கினவர். பக்கம் எண்ணத் தெரியாதெண்டு நினைக்கிறியளோ?"

"அப்ப உங்கடை பொறுப்பு" என்றார்.

என் பொறுப்பு! அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கோண்டாவிலும் தெரியவில்லை, இணுவிலும் தெரியவில்லை. ஒரு தரிப்பிடம் தாண்டி இறங்கி நடந்தேன். காட்டினால் செத்துப்போனவளைக் காட்டிக்கொடுத்தவள் ஆவேன். அவள் பத்து வருடம் நெஞ்சுக்குள் வைத்து, தன்னோடு கொண்டுபோன சங்கதி அது. காட்டாவிட்டால் உயிரோடிருக்கிற ஒரு மனிதன் செய்யாத துரோகத்தைச் சுமந்துகொண்டு விமானம் ஏறுவான். இதற்கு எந்தச் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது? ஒன்றிலும் இல்லை.

கடைசியில் கோழைகள் செய்கிற வேலையைச் செய்து பார்த்தேன். அடுத்த நாள் அவர் வந்ததும், கோவையைத் திறக்காமலே சொன்னேன்: "சிவபாலன் அண்ணை எழுதேல்லை. நான் பாத்திட்டன். என்ரை சொல்லை நம்பிக் கொடிகாமத்துக்குப் போங்கோ."

அவர் என்னை நேரே பார்த்தார். கோபமே இல்லாமல் சொன்னார்.

"உங்கடை சொல்லை நம்பித்தானே மிஸ் நான் அவனோடை கதைக்காமல் விட்டனான்."

"நான் என்ன சொன்னனான்?"

"மறந்திட்டியளோ? கணக்காய்வு நடந்த அண்டைக்கு. 'எனக்கென்ன தெரியும், உங்களோடை இருந்து சாப்பிடுற ஆரோதான் எழுதியிருப்பினம்' எண்டனீங்கள்."

தங்கச்சி, அந்த நேரம் எனக்கு இருந்த நிலையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒரு கடதாசியைக் காட்டாமல் அந்தரங்கத்தைக் காப்பாற்றினேன் என்று எத்தனை பெருமை எனக்கு! அதே வாயால், ஒன்றும் தெரியாமல், எரிச்சலில் ஒரு சொல்லைத் தூக்கி எறிந்திருக்கிறேன். அந்த மனிதர் அதைப் பிரதம இலிகிதரின் முடிவு மாதிரி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். அவரோடு இருந்து சாப்பிடுகிறவர் என்றால் அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் ஞாபகம் வந்திருக்கிறது. வீட்டில் சோறு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்து சாப்பிடுகிறவள் ஞாபகம் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை.

எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினேன். என் கதிரையை அவர் பக்கத்துக்கு இழுத்துப் போட்டேன். "அண்ணை, பாத்தாப் பாத்ததுதான். பிறகு பாக்காத மாதிரி இருக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லுங்கோ."

"காட்டுங்கோ மிஸ்."

எண்பத்து நாலாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். தாளை நல்ல கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். முடித்துவிட்டுத் திரும்பவும் மேலிருந்து வாசித்தார். பிறகு 'குழந்தைகளுக்காக' என்ற சொல்லில் விரலை வைத்தார்.

"இந்த 'ழ'வைப் பாருங்கோ. வாலை இழுத்து அடுத்த வரியிலை விட்டிருக்கிறாள். வாழைக்காய், கிழங்கு எண்டு கடைக்குத் தாற சாமான் துண்டிலை எழுதேக்கையும் இப்பிடித்தான்." விரலை எடுக்காமலே சொன்னார். "இது எங்கடை மனுசியின்ரை எழுத்து, மிஸ்."

அவர் அழுதார். என் முன்னால் ஆம்பிளைகள் அழுதால் எனக்குப் பிடிக்காது, ஆனால் அன்று நானும் சேர்ந்து அழுதேன்.

"ஒவ்வொரு நாளும் அவளுக்கு முன்னாலை இருந்து சிவபாலனைத் திட்டினனான். என்ரை கடலைப் பறிச்ச நாய் எண்டு. அவள் சோத்தைப் போட்டுக்கொண்டு நிப்பாள். ஒருநாள் மட்டும், 'கடலிலை இருந்து நீங்கள் உயிரோடை வந்திட்டியள்தானே, இனி விடுங்கோவன்' எண்டவள். எனக்கு விளங்கேல்லை."

கேள்விக்குறியைக் காட்டி, "இது ஆர் போட்டது?" என்று கேட்டார்.

"நான்தான். சூசை ஆரெண்டு எனக்கு அப்ப தெரியாது."

"என்னைப் பெத்த ஐயா" என்றார். மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் சிரித்தார். "ஒருக்காக் கேட்டிருக்கலாமே, மிஸ்."

கேட்டிருக்கலாம். அதைத்தான் தங்கச்சி உனக்குச் சொல்ல வந்தேன். படிவத்தைக் கொடு, சரி. அதற்கு முதல், என்னத்தைத் தேடுகிறீர்கள் என்று கேள். கோவையில் உனக்கு விளங்காத ஒன்று கிடந்தால், அதற்குப் பக்கத்தில் குறி போட்டுவிட்டு இருந்துவிடாதே. அது யாருடைய வாழ்க்கையோ அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேள். காட்டக்கூடாததைக் காட்டாதே. ஆனால் காட்டாமல் விட்ட இடத்தில் உன்னுடைய ஊகத்தைச் சொல்லி நிரப்பாதே. நான் நிரப்பினேன்.

அன்று அவருக்கு அரைநாள் லீவு எழுதினேன். நேரே சந்தைக்குப் போய் நண்டு வாங்கிக்கொண்டு கொடிகாமம் பஸ் ஏறினாராம். திங்கட்கிழமை காலையில், நான் வரவுப் பதிவில் கையொப்பம் வைக்கிறதுக்கு முன்னமே என் அறை வாசலில் நின்றார்.

"போனனான் மிஸ். படலையைத் திறந்தவன் என்னைப் பாக்கேல்லை, கையிலை இருந்த பையைப் பாத்தான். 'நேற்று வந்திருக்கக் கூடாதோ, இண்டைக்கு வெள்ளிக்கிழமையெல்லோ' எண்டான்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அவனுக்கு முதலே தெரியுமாம். றோசலின்தான் அவனிட்டை ஆளனுப்பி, கந்தோர்ப் பெரிய ஐயாவின்ரை விலாசம் கேட்டவளாம். என்னத்துக்கெண்டும் சொன்னவளாம். எனக்குச் சொல்லவேண்டாமெண்டு அந்தோனியார் மேலை சத்தியம் வாங்கினவளாம். 'அவள் செத்த பிறகாவது சொல்லியிருக்கலாமேடா' எண்டு கேட்டன். 'அந்தோனியார் சாகேல்லையே' எண்டான்."

மகளின் கலியாணத்துக்கு வராத சிநேகிதன், கோயில் வாசலில் முகத்தைத் திருப்பின சிநேகிதன். அவ்வளவையும் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். எங்கள் அலுவலகத்தில் 'அந்தரங்கம்' என்று முத்திரை குத்தின அலுமாரி எத்தனை. அவ்வளவையும் ஒரு களஞ்சியக்காரர் தோற்கடித்துவிட்டார்.

மரியதாஸ் அண்ணை இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னும் என்ன அண்ணை?"

"அந்த எண்பத்து நாலிலை எனக்கு ஒரு போட்டோக்கொப்பி எடுத்துத் தரலாமோ?"

"இனி என்னத்துக்கு? ஆரெண்டு தெரிஞ்சிட்டுதுதானே."

"சாமான் துண்டைத் தவிர அவள் எனக்கு ஒண்டும் எழுதினதில்லை, மிஸ்" என்றார். "அதுகளை நான் கடையிலை குடுத்திட்டு வந்திடுவன்."